தான மாட்டின் பல்லைப் பார்க்கத்தான் வேண்டும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது ஊரறிந்த பழமொழி. கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்ற பண்பு அதில் உண்டு. ஓட்டிச் சென்றவர் அந்த மாட்டுக்கு நாள்தோறும் தீவனம் போட்டாக வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை. இந்தியத் தொண்டு நிறுவனங்கள் இந்தப் பழமொழியை அளவுக்கு மீறி நம்பிவிட்டன. பெருநிறுவன மேலாளரோ, மென்பொருள் பொறியாளரோ, பட்டயக் கணக்காளரோ ஊதியம் வேண்டாது ஆலோசனை வழங்க முன்வரும்போது, "இலவசமாக வருவதை ஏன் கேள்வி கேட்க வேண்டும்?" என்று தலையசைத்து வாங்கிக்கொள்கின்றன. ஓராண்டு கழித்துப் பார்த்தால் அலமாரியில் வண்ண அட்டையிட்ட ஐந்தாண்டுத் திட்ட அறிக்கை ஒன்று இருக்கும். களப்பணியாளர் எவரும் திறக்காத செயலி ஒன்று இருக்கும். கடவுச்சொல் அறிந்தவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனதால் முடங்கிய இணையதளம் ஒன்று இருக்கும்.

இந்தக் காட்சியைச் சுட்டிக்காட்டித் தன்னார்வ ஆலோசனையே வீண் என்று கைகழுவுவோர் ஒருபுறம். அறிவுடையோர் அள்ளித் தந்தாலும் தொண்டு நிறுவனங்களுக்கு வாங்கத் தெரியவில்லை என்று சலித்துக்கொள்வோர் மறுபுறம். இரு தரப்பாரும் செய்யும் பிழை ஒன்றே. ஆலோசனையை, கொடுப்பவர் கையிலிருந்து பெறுபவர் கைக்கு மாறும் பொட்டலமாக எண்ணுகிறார்கள். உண்மையில் அது கேட்பவரும் சொல்பவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. கேட்பவர் தம் பங்கைச் செய்யாத இடத்தில் எத்துணைத் தேர்ந்த ஆலோசகர் வந்து போனாலும் அறிக்கைதான் மிஞ்சும்.

முதலில், இத்தகைய உதவி தேவைதானா என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். தேவைதான், கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அத்தேவை மிகவும் பெருகியிருக்கிறது. நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் பதிவு செய்துள்ளன. நாடறிந்த பெயர்கள் அவற்றுள் மிகச் சில. எஞ்சியவற்றில் நிறுவனரே நிதி திரட்டுபவராகவும் அறிக்கை எழுதுபவராகவும் சில வேளைகளில் வண்டி ஓட்டுபவராகவும் இருப்பது வியப்பில்லை. அத்தகைய ஓர் அமைப்பு இன்று நிறைவேற்ற வேண்டிய சட்டக் கடமைகளைப் பார்க்கலாம். முன்பு ஒருமுறை பெற்றால் நிலைத்திருந்த வருமான வரிப் பதிவை 2021 ஏப்ரல் முதல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். வரிவிலக்குக்குரிய நன்கொடை தந்தோர் விவரத்தை ஆண்டுதோறும் தனிப் படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற விரும்பினால் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளின் நிலை இன்னும் கடினமானது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், அந்தப் பணம் முதலில் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும் என்றது. பெற்றதை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதைத் தடுத்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. நிர்வாகச் செலவு என்ற சொல்லுக்குள் எவையெல்லாம் அடங்கும் என்பதை அச்சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகள் பட்டியலிடுகின்றன. வாடகை, கணக்கு வைக்கும் செலவு, அறிக்கை எழுதித் தாக்கல் செய்யும் செலவு ஆகியவற்றோடு சட்ட, தொழில்முறைக் கட்டணங்களும் அப்பட்டியலில் உள்ளன. எந்த ஆலோசனை இருந்தால் ஓர் அமைப்பு சட்டத்துக்கு உட்பட்டு ஒழுங்காக நடக்குமோ, அந்த ஆலோசனைக்குக் கொடுக்கும் கட்டணமே சட்டம் குறுக்கிய 20 விழுக்காட்டைத் தின்கிறது.

2022 சனவரி 1 அன்று வெளிநாட்டு நன்கொடைப் பதிவை இழந்த அமைப்புகளுள் 5,700க்கும் மேற்பட்டவை, புதுப்பிக்க விண்ணப்பிக்காததால் இழந்தவை. இனி அந்தப் பதிவு வேண்டாம் என்று விட்டவை அவற்றுள் இருக்கலாம். ஆயினும் காலக்கெடுவை நினைவூட்ட ஆளின்றி ஓர் அமைப்பு பதிவை இழக்குமானால், அதன் விலையைக் கொடுப்பவர் அதன் அலுவலகத்தார் மட்டுமல்லர். அதன் விடுதியில் உண்ணும் குழந்தையும் அதன் மருந்தகத்தை நம்பி மலையிறங்கி வரும் நோயாளியும் சேர்ந்தே கொடுக்கிறார்கள். கணக்கும் சட்டமும் மேலாண்மையும் தொண்டுக்குப் புறம்பானவை என்ற பழைய பெருமிதம் இனிச் செல்லாது.

தேவை இப்படிக் கண்முன் நிற்கையில், பெருநிறுவனங்கள் அதை எப்படி நிறைவு செய்கின்றன? பெரும்பாலும் தொண்டு நாள் கொண்டாடுகின்றன. ஒரே நிறச் சட்டையணிந்த அறுபது பேர் பேருந்தில் வந்திறங்குகிறார்கள். பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுகிறார்கள், கன்று நடுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அந்த அறுபது பேரில் ஒருவர் பெரிய ஆலையின் சரக்கிருப்பைப் பத்தாண்டுகள் கவனித்தவராக இருப்பார். இன்னொருவர் ஆயிரக்கணக்கானோரின் சம்பளப் பட்டியலைப் பிழையின்றி வெளியிடும் மென்பொருளை எழுதியவராக இருப்பார். அதே வளாகத்தின் உள்ளறையில், அமைப்பின் ஒரே கணக்கர் ஒரே செலவை மூன்று நன்கொடையாளர்களுக்கு மூன்று வடிவங்களில் எழுதிக்கொண்டிருப்பார். இரு தரப்புக்கும் இடையே இருபதடி தொலைவு. ஒருவரையொருவர் சந்திக்காமலே அந்த நாள் முடிகிறது. சுவருக்கு வண்ணம் பூச உள்ளூரில் ஆள் உண்டு. அந்தக் கூலி அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. கணக்கரின் சிக்கலை அவிழ்க்கத்தான் உள்ளூரில் ஆளில்லை.

இந்த வீணடிப்பை உணர்ந்து மாற்று வழி கண்டவர்களும் உண்டு. டாட்டா குழுமம் 2014இல் தொடங்கிய புரோஎங்கேஜ் திட்டம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஊழியர்கள் தம் ஓய்வு நேரத்தில், சில மாதங்கள் நீடிக்கும் ஒரு வரையறுத்த பணியை ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தம் தொழில்திறன் கொண்டு செய்து தருவதே அதன் அமைப்பு. முதலில் பணியை எழுதித் தர வேண்டியது தொண்டு நிறுவனம். அதைப் பார்த்த பின்னரே ஊழியர் விண்ணப்பிக்கிறார். இந்த வரிசைமுறைதான் முக்கியம். கேள்வி முன்னே வருகிறது, ஆள் பின்னே வருகிறார். தொண்டு நாளிலோ ஆட்கள் முதலில் வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று அமைப்பு தலையைப் பிய்த்துக்கொள்கிறது.

இங்கே சட்டத்தின் ஒரு கூறு கவனிக்கத்தக்கது. நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. ஊழியர்கள் தரும் நேரத்துக்குப் பண மதிப்பு கட்டி அந்த 2 விழுக்காட்டில் கழித்துக்கொள்ள முடியாது என்று நிறுவன விவகார அமைச்சகம் தெளிவுபடுத்தியிருக்கிறது. இது நல்ல விதி. இல்லையேல், ஒரு மேலாளரின் அரைநாள் வருகைக்கு அவருடைய சம்பள விகிதத்தில் விலை போட்டு, தொண்டு நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பணத்தைக் காகிதத்திலேயே கரைத்துவிடுவார்கள். ஆனால் இதே விதியால், ஊழியரின் நேரம் நிறுவனத்தின் கணக்கேட்டில் எங்கும் பதிவாவதில்லை. பதிவாகாததற்கு மேலாளர் பொறுப்பேற்பதில்லை. ஆண்டிறுதி வேலை நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவது தன்னார்வப் பணியே. தொண்டு நிறுவனம் இதை முன்கூட்டியே அறிந்து திட்டமிட வேண்டும்.

விதியால் அடைத்த வழியில் அல்லாமல் வேறு வழியில் பணத்தைக் கரைப்பவர்களும் இருக்கிறார்கள். கண்டிக்க வேண்டியவர்களுள் முதல்வர் அவர்களே. "உங்களுக்குக் கணக்காளர் சம்பளம் எதற்கு? எங்கள் ஊழியர்கள் இலவசமாக வந்து உதவுவார்கள்" என்று சொல்லி, மானிய வரவுசெலவுத் திட்டத்திலிருந்து நிர்வாகச் செலவு வரியை அடித்துவிடும் நன்கொடையாளர்கள் அவர்கள். சமூகப் பொறுப்பு விதிகளில் 5 விழுக்காடு நிர்வாகச் செலவு வரம்பு ஒன்று உண்டு. அது நன்கொடை தரும் நிறுவனம் தன் சமூகப் பொறுப்புப் பணிகளை நிர்வகிக்கத் தனக்கென்று செய்துகொள்ளும் செலவுக்கான வரம்பு. அதைத் தொண்டு நிறுவனத்தின் தலைமேல் சுமத்தி, "5 விழுக்காட்டுக்கு மேல் தர விதியில் இடமில்லை" என்று சாதிப்பது விதியைத் தெரியாமல் செய்யும் பிழை. தெரிந்தே செய்தால் அதற்குப் பெயர் வேறு. தொண்டு நிறுவனங்களை உள்ளிருந்து பட்டினி போடும் இந்தச் சுழற்சியை ஆன் காகின்ஸ் கிரகரி, டான் ஹோவர்ட் ஆகிய இருவர் 2009இலேயே ஸ்டான்ஃபோர்டு இதழொன்றில் விளக்கியிருக்கிறார்கள். நன்கொடையாளர் நிர்வாகச் செலவைக் குறைவாக எதிர்பார்க்கிறார். அமைப்பு அதைக் குறைத்துக் காட்டுகிறது. குறைத்துக் காட்டியதே அடுத்த ஆண்டின் எதிர்பார்ப்பாகிறது. இலவச ஆலோசனையை இச்சுழற்சிக்கு எண்ணெயாக ஊற்றுவது அறமாகாது.

காரணம் எளியது. இலவச ஆலோசனைக்கும் செலவு உண்டு, அதைச் செய்வது தொண்டு நிறுவனம். ஓர் ஆலோசகர் வாரம் 4 மணி நேரம் வீதம் 13 வாரங்கள் தருகிறார் என்று கொள்வோம்; மொத்தம் 52 மணி நேரம். அவருக்குத் தரவுகளை எடுத்துத் தர, களத்துக்கு அழைத்துச் செல்ல, அவருடைய வரைவைப் படித்துத் திருத்த, அமைப்பின் ஊழியர் ஒருவர் அதில் பாதி நேரமேனும் செலவிட்டால் 26 மணி நேரம் ஆகிறது. அதாவது மூன்று முழு வேலைநாள்களுக்கும் அதிகம். நான்கு பேர் பணியாற்றும் அமைப்பில் மூன்று நாள் சிறிய செலவன்று. அந்த மூன்று நாளைத் தர முடியாத அமைப்பு ஆலோசகரை அழைக்கவே கூடாது. அந்த மூன்று நாளுக்கான சம்பளத்தைத் தர மறுக்கும் நன்கொடையாளர் ஆலோசகரை அனுப்பவே கூடாது.

ஆலோசனை பலித்த இடம் எப்படி இருக்கும் என்பதற்கு மதுரையைப் பார்க்கலாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவையைப் பெருந்திரளானோருக்குக் கொண்டுசென்றது. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை அன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏழை நோயாளிக்கு அதன் விலை எட்டாக்கனி. பார்வையிழப்பைத் தடுக்க 1978இல் அமெரிக்காவில் உருவான சேவா அறக்கட்டளையைச் சேர்ந்தோர் அரவிந்துடன் தோள் கொடுத்தனர். அவர்களுள் ஒருவரான டேவிட் கிரீன், வில்லை செய்யும் தொழில்நுட்பத்தை மதுரைக்குக் கொண்டுவருவதில் முன்னின்றார். 1992இல் ஆரோலேப் பிறந்தது. இறக்குமதி விலையைவிடப் பல மடங்கு குறைந்த விலையில் வில்லைகள் வெளிவந்தன.

வெளியார் வந்து உதவியது மட்டும் இதில் பாடமன்று. நன்கொடையாக வில்லைகளை வாங்கி அனுப்பிக்கொண்டிருப்பது எளிதாக இருந்திருக்கும். அவ்வாறு செய்திருந்தால் அனுப்புபவர் நிறுத்திய நாளில் எல்லாம் நின்றிருக்கும். எங்கள் நோயாளிக்கு நாங்களே வில்லை செய்ய என்ன வேண்டும் என்ற கேள்வி முன்னின்றது. அதற்கு விடையாக ஓர் ஆலையும் அதை இயக்கத் தெரிந்த உள்ளூர்க் கைகளும் எஞ்சின. அதே 1992இல் அரவிந்த் தொடங்கிய லைக்கோ பயிற்சி நிறுவனம், பிற கண் மருத்துவமனைகளுக்கு ஆலோசனை வழங்கத் தலைப்பட்டது; இதுவரை 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அதனால் பயன் பெற்றிருக்கின்றன. அங்கே பின்பற்றப்படும் முறையும் கற்கத்தக்கது. ஆலோசனை கேட்கும் மருத்துவமனையின் நிலையை முதலில் நேரில் சென்று அறிகிறார்கள். பின்னர் அதன் மருத்துவர்களும் நிர்வாகிகளும் குழுவாக மதுரைக்கு வந்து, தம் புள்ளிவிவரங்களை வைத்துத் தம் திட்டத்தைத் தாமே எழுதுகிறார்கள். அதன் பிறகும் தொடர்பு அறுவதில்லை. பெறுபவரே எழுதிய திட்டம் அலமாரிக்குப் போவதில்லை.

பெரிய மருத்துவமனைக்குப் பொருந்துவது சிற்றமைப்புக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். ஒரு கற்பனைக் கணக்காகப் பார்ப்போம். மலைக்கிராமங்கள் நாற்பதில் மாலைநேரக் கற்றல் மையங்களை நடத்தும் ஓர் அமைப்பு. ஒவ்வொரு மையத்துக்கும் அவ்வூர்ப் பெண் ஒருவர் ஆசிரியை. நகரத்து மென்பொருள் பொறியாளர் ஒருவர் உதவ வருகிறார். "எங்களுக்கு ஒரு செயலி வேண்டும்" என்கிறார் அமைப்பின் தலைவர். பொறியாளரும் மகிழ்ந்து செய்து தருகிறார். செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது. மலையில் கைப்பேசிக் குறி கிடைப்பதில்லை. ஆசிரியை பதிவேட்டிலும் எழுதுகிறார், வாரம் ஒருமுறை மலையிறங்கி வந்து செயலியிலும் ஏற்றுகிறார். பிள்ளைகளுக்குச் செலவிட வேண்டிய ஒரு மாலை போயிற்று. ஆண்டறிக்கையில் எண்ணிமப் புரட்சி என்று ஒரு படம் வருகிறது.

அதே அமைப்பு, அதே பொறியாளர். ஆனால் தலைவர் வேறு கேள்வி கேட்கிறார்: "மூன்றாம் மாதத்தில் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள், ஆறாம் மாதத்தில்தான் எங்களுக்குத் தெரியவருகிறது. இந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது?" இப்போது பொறியாளர் பதிவேடுகளைப் புரட்டுகிறார், இரண்டு மையங்களில் உட்கார்ந்து பார்க்கிறார், ஆசிரியைகளிடம் பேசுகிறார். விடை செயலியாக இல்லாமலும் போகலாம். பதிவேட்டில் தொடர்ந்து நான்கு நாள் வராதவர் என்று ஒரு கட்டமும், சனிக்கிழமைதோறும் ஒரு தொலைபேசி அழைப்புமே போதும் என்று தெரியவரலாம். அந்தக் கட்டத்தை நாளை வேறொருவர் வந்தாலும் நிரப்ப முடியும். பொறியாளர் போன பின்னும் அது இயங்கும். ஆலோசகரின் திறமை இரண்டு நிலைகளிலும் ஒன்றுதான், மாறியது கேள்வி. ஒரு பெண்பிள்ளை படிப்பை விட்டுச் செங்கற்சூளைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அவள் வீட்டுக் கதவைத் தட்ட முடிகிறதா என்பது அந்தக் கேள்வியைச் சார்ந்தது.

ஆகவே தான மாட்டின் பல்லைப் பார்க்கத்தான் வேண்டும். பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, கேள்வி. ஆலோசகர் வரும் முன்பே அமைப்பு தன் சிக்கலை ஒரே பத்தியில் எழுதிவைக்க வேண்டும். அதில் தீர்வின் பெயர் இருக்கக் கூடாது; சிக்கல் யாரை, எப்போது, எப்படி வருத்துகிறது என்பது இருக்க வேண்டும். எழுத முடியவில்லையெனில் இன்னும் அழைக்கும் நேரம் வரவில்லை.

இரண்டாவது, பொறுப்பாளர். அமைப்புக்குள் ஒருவர், பெயர் சொல்லத்தக்க ஒருவர், அந்தப் பணியைத் தம் பணியாக ஏற்க வேண்டும். அவருடைய மற்ற வேலையில் அதற்குரிய அளவைக் குறைத்துத் தர வேண்டும். தலைவரே எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்ற அமைப்புகளில் ஆலோசனை வேர் பிடிப்பதில்லை; தலைவருக்கு நேரமில்லை என்பதுதானே முதற்சிக்கல்.

மூன்றாவது, தரவு. உதவ வந்தவர் கேட்கிறார் என்பதற்காகப் பயனாளிகளின் பட்டியலை அவருடைய சொந்த மடிக்கணினிக்கு அனுப்பிவிடும் வழக்கம் அச்சந்தருவது. எச்ஐவியோடு வாழ்வோரின் விவரத்தைக் காக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. காப்பகக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடலாகாது என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே நிறைவேற்றியது. சட்டத்தை விடுவோம், வன்முறைக்குத் தப்பி வந்த பெண் தன் முகவரியை அமைப்பிடம் நம்பிச் சொன்னாள், முன்பின் அறியாத தன்னார்வலரிடம் அன்று. பெயரையும் முகவரியையும் நீக்கிய பட்டியலைத் தந்தாலே பெரும்பாலான ஆய்வுகள் நடக்கும். அதற்கு ஒப்பாத ஆலோசகரை நன்றி கூறி அனுப்பிவிடலாம்.

நான்காவது, பிற்பாடு. ஆலோசகர் விடைபெற்ற மறுநாள் இதை யார் நடத்துவார், என்ன செலவில், எந்த மொழியில்? இதற்கு விடையில்லாத எந்தத் தீர்வையும், அது எத்துணை அழகியதாயினும், ஏற்கலாகாது. கணக்கெழுதுதல், சட்டப் படிவம் தாக்கல் செய்தல், குழந்தைப் பாதுகாப்பு போன்ற நாள்தோறும் நடக்க வேண்டிய பணிகளைத் தன்னார்வலரிடம் ஒப்படைப்பதும் ஆகாது. அவற்றுக்கான ஒழுங்கை அமைத்துத் தர அவர் உதவலாம். நடத்த ஊதியம் பெறும் ஆள் வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளச் சொன்னால், "மனமுவந்து வருபவரிடம் ஒப்பந்தம் கேட்பதா?" என்று தயங்குவோர் பலர். அவர்கள் நீதிமன்றத்தைப் பார்க்கட்டும். வசதியற்றோருக்குக் கட்டணமின்றி உதவுவதை வழக்கறிஞரின் உயரிய கடமைகளுள் ஒன்றாக இந்திய பார் கவுன்சிலின் விதி கூறுகிறது. அரசியலமைப்பின் 39ஏ பிரிவும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டமும் இலவசச் சட்ட உதவிக்கு அடித்தளமிட்டன. ஆனால் கட்டணம் வாங்காத வழக்கறிஞரும் வக்காலத்து தாக்கல் செய்துதான் மன்றத்தில் நிற்கிறார். வாய்தா நாளில் வராமல் இருந்துவிட்டு "நான் இலவசமாகத்தானே வருகிறேன்" என்று அவர் நீதிபதியிடம் கூற முடியாது. இலவச முகாமில் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரும் மருந்துச் சீட்டில் கையொப்பமிடுகிறார். கட்டணத்தைத் துறந்தவர் பொறுப்பைத் துறந்தவர் ஆகார் என்பதை இவ்விரு தொழில்களும் நெடுங்காலமாக ஏற்றிருக்கின்றன. மேலாண்மை, மென்பொருள், விளம்பரம் ஆகிய துறைகளிலிருந்து வருவோருக்கு மட்டும் விலக்கு ஏன்? சிக்கல் என்ன, யார் பொறுப்பு, எந்த நாளில் முடியும், எது ஒப்படைக்கப்படும், எந்தத் தரவு வெளியே போகாது என்று ஐந்து வரிகள், ஒரே பக்கம். அதுவே தன்னார்வ ஆலோசகரின் வக்காலத்து.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உதவ வரும் ஊழியரின் நிறுவனமே மானியமும் தருகிறது. அவர் கொண்டுவரும் தீர்வை மறுத்தால் அடுத்த ஆண்டு மானியம் நின்றுவிடுமோ என்ற அச்சம் சிற்றமைப்புக்கு இருக்கிறது. பல்லைப் பார்க்கச் சொல்வது எளிது, மாடு கொடுப்பவரே நிலவுடைமையாளராகவும் இருக்கும் ஊரில் யார் பார்ப்பார்? இந்த அச்சம் பொய்யன்று. அதனாலேயே சீர்திருத்தத்தின் பெரும்பங்கு கொடுப்பவரைச் சேர்ந்தது. மானியத்தை முடிவு செய்பவரும் ஆலோசகரின் பணியை மேற்பார்ப்பவரும் ஒருவராக இருக்கலாகாது. ஆலோசனை பயன் தரவில்லை என்று சொல்லும் உரிமை மானிய ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். பெறுபவருக்கும் ஒரு வழி உண்டு: தனித்து நிற்காமல் சேர்ந்து கேட்பது. ஒரு மாவட்டத்தின் பத்து அமைப்புகள் கூடி ஒரு பட்டயக் கணக்காளரை அழைத்தால், புதுப்பிக்க வேண்டிய நாள்களின் பொதுப் பட்டியல் ஒன்று பத்து அமைப்புகளுக்கும் கிடைக்கும். பத்துப் பேராக நின்று "இது எங்களுக்கு வேண்டாம், அது வேண்டும்" என்று சொல்வதும் எளிது.

இன்னொரு மறுப்பு எதிர்முனையிலிருந்து வருகிறது. பெருநிறுவனத்தின் மொழியும் அளவுகோலும் உள்ளே நுழைந்தால் தொண்டின் ஆன்மா கெடும் என்பது அது. பயனாளியை வாடிக்கையாளர் என்றும் ஊரைச் சந்தை என்றும் அழைக்கும் அறிக்கைகளைப் பார்த்தவர் இந்த ஐயத்தைப் பழிக்க மாட்டார். ஆனால் கதவை அடைப்பது இதற்கு மருந்தாகாது. தன் கேள்வியைத் தன் மொழியில் எழுதத் தெரிந்த அமைப்பின் மீது வெளியார் மொழி ஏறி உட்கார முடியாது. கேள்வியே இல்லாத இடத்தில்தான் இரவல் சொற்கள் குடியேறுகின்றன. அன்றியும், கணக்குத் தெரியாதிருப்பது தூய்மைக்குச் சான்றன்று. ஏழைக்காக வந்த பணத்தை எங்கே செலவிட்டோம் என்று ஏழைக்கே காட்டத் தெரியாத அமைப்பு, எந்த ஆன்மாவைக் காப்பதாகச் சொல்லிக்கொள்கிறது?

உதவ விரும்பும் தொழில்வல்லுநர்களுக்கும் ஒரு சொல். அவர்களுடைய நல்லெண்ணத்தில் ஐயமில்லை. வார இறுதியைத் துறந்து நூறு கல் தொலைவு வருவோரை எள்ளுவது முறையன்று. ஆனால் அவர்களுள் பலர் விடையோடு வருகிறார்கள். தம் அலுவலகத்தில் பலித்தது மலைமேலும் பலிக்கும் என்று நம்புகிறார்கள். முதல் இரண்டு சந்திப்புகளில் எதையும் பரிந்துரைக்காமல் கேட்பதும், களப்பணியாளரோடு ஒரு நாள் நடப்பதும், தாம் அறியாததை அறியேன் என்று சொல்வதும் எந்த மென்பொருளையும்விட மேலான கொடை. இருபது ஆண்டுகளாக ஒரே ஊருக்கு நடந்துபோகும் சுகாதாரப் பணியாளருக்கு, எந்த ஆலோசகரும் எழுத முடியாத அறிக்கை மனப்பாடமாக இருக்கும். அதை வெளியே கொண்டுவந்து, நன்கொடையாளருக்கும் அரசுக்கும் புரியும் வடிவில் அடுக்கித் தருவதே ஆலோசகரின் உண்மையான வேலை.

தன்னார்வ ஆலோசனை நாட்டின் தொண்டு நிறுவனங்களுக்குப் பெருநன்மை செய்ய வல்லது. சட்டமும் மானிய விதிகளும் அவற்றின் மூச்சைக் குறுக்கும் இக்காலத்தில் அந்நன்மையை இழக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதை அறிக்கைகளின் எண்ணிக்கையாலோ, ஊழியர் செலவிட்ட மணிக்கணக்காலோ, விழாப் படங்களாலோ அளக்கலாகாது. ஆலோசகர் விடைபெற்று ஓராண்டு கழித்து அந்தக் கற்றல் மையத்துக்குப் போக வேண்டும். அவர் பெயர்கூட அறியாத புதிய ஆசிரியை, தொடர்ந்து நான்கு நாள் வராத பிள்ளையின் பெயரைக் கட்டத்தில் எழுதுகிறாரா, சனிக்கிழமை அந்த அழைப்பு போகிறதா என்று பார்க்க வேண்டும். போகிறதென்றால், மாடு பால் கறக்கிறது. இல்லையென்றால், தீவனம் மட்டுமே செலவாகியிருக்கிறது. அந்தத் தீவனம் யாருடைய பங்கிலிருந்து போனது என்பதைக் கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்து சொல்லியாக வேண்டும்.